ரேமண்ட் துரையின் ஊர்

"என்னை மாமான்னு கூப்பிடாத. பிரெஞ்சுல முசியேன்னு கூப்பிடு, போதும்."

லூசியன் சொன்ன வேகத்தில், பிருந்தாபன் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"சரி, முசியே."

பாரிஸில் ரூ காய் என்ற தெருவில், ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்தது பிருந்தாபனின் வீடு. சம்பந்தி முதல்முறை வருகிறார் என்று அவன் அம்மா நாகேஸ்வரி விடியற்காலையிலேயே எழுந்து வடை சுட்டு வைத்திருந்தாள். லூசியன் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மகள் ஆரெலியையும் இழுத்துக்கொண்டு புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து ரயிலேறி வந்ததே, அடுத்த மாதம் நாள் குறித்த கல்யாணம் நடக்காது என்று சொல்லிவிட்டுப் போகத்தான்.

"என்ரை பிள்ளையிலை என்ன குறை கண்டனீங்கள்?" நாகேஸ்வரி கேட்டாள்.

"பையன்ல இல்லம்மா. வம்சத்துல."

வடைத் தட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கொண்டுவந்த தாள் சுருளை மேசையில் விரித்தார்.

"என் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஆரெலி ஆள் வச்சுத் தேடிக் கொடுத்த வம்ச மரம். உச்சியில பாருங்க. ரேமண்ட். ஆயிரத்து எழுநூத்து ஆறுல கடல் கடந்து வந்து பாண்டிச்சேரில குடியேறினவரு. முன்னூறு வருஷத்துக் குடும்பம் எங்களுது. உங்க பையன் லைப்ரரில புஸ்தகம் அடுக்கிட்டு இருக்கான்."

ஆரெலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று பிருந்தாபன் தலையசைத்தான்.

"உங்கடை துரை கடல் கடந்து வந்தால் பெருமை, நாங்கள் வந்தால் குறையோ?"

"அவரு கப்பல்ல வந்தவரு. நீங்க எப்படி வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா? கையில ஒரு காகிதம் உண்டா? உங்களை மாதிரி ஆளுங்களை அன்னிக்கே வாசலோட திருப்பி அனுப்பியிருக்கணும்."

அவர் வீட்டில் தினமும் சொல்கிற பேச்சுதான் அது. ஆனால் இலங்கைப் போரில் செல்லடிக்கு நடுவே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் முகத்துக்கு நேரே சொல்கிற பேச்சா? முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவராம். கூப்பிட்ட வீட்டில் உட்கார்ந்து எப்படிப் பேசுவதென்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

நாகேஸ்வரி அழமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

"சரி. எங்கடை ஆக்கள் சம்பந்தம் கதைக்கேக்கை முதல்லை ஊரைத்தான் கேக்கிறது. எங்கடை ஊர் யாழ்ப்பாணத்திலை கரவெட்டி. உங்கடை துரைக்கு எந்த ஊர்?"

"பிரான்ஸ்."

"அது நாடு. நான் கேட்டது ஊரை."

லூசியன் குனிந்து மரத்தைப் பார்த்தார். ரேமண்டின் பெயருக்குக் கீழே ஆண்டு இருந்தது. ஊர் இல்லை.

"ஏதாவது துறைமுகமா இருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"ஊர் தெரியாத ஒரு ஆளை வைச்சுக்கொண்டோ என்ரை பிள்ளையைப் பழிக்கிறியள்? அவரின்ரை நிறம்கூட உங்களிலை ஒட்டேல்லை."

லூசியனுக்குச் சுருக்கென்றது. மகள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு ஆரெலி. அவ்வளவு தூரம் தேடினவன் ஊரைக் கண்டுபிடிக்காமலா விட்டிருப்பான்?"

"கண்டுபிடிச்சாச்சு, பப்பா."

"வேண்டாம் ஆரெலி," என்றான் பிருந்தாபன்.

"நீ பேசாம இரு. கேட்டது போதும் எனக்கு."

அவள் தொலைபேசியில் ஒரு படத்தைத் திறந்தாள். பாண்டிச்சேரி மாதா கோயிலின் பழைய பதிவேடு. பாதிரியார் பிரெஞ்சில் எழுதியிருந்ததை, ஆத்திரத்தோடு தமிழில் சொன்னாள்.

"'டச்சுக்காரரின் ஆட்சிக்குத் தப்பி, தோணியில், உடுத்த துணியோடு வந்து அடைக்கலம் கேட்டவனுக்கு இன்று ஞானஸ்நானம் கொடுத்து, ரேமண்ட் என்று பெயர் வைத்தேன். சொந்த ஊர், யாழ்ப்பாணம்.'"

லூசியன் தொலைபேசியை வாங்கி, தானே ஒருமுறை படித்தார். மறுபடியும் படித்தார். கீழே தெருவில் யாரோ காய்கறிப் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது.

"இதை ஏன் மரத்துல எழுதல?" அப்போதும் அவருக்குக் கோபம்தான் வந்தது. "யாரு அந்த ஆளு? எதுக்கு மறைச்சான்? கூப்பிடு அவனை."

ஆரெலி யாரையும் கூப்பிடவில்லை. பிருந்தாபனைப் பார்த்தாள்.

"நான்தான் தேடினனான்," என்றான் அவன். "ஊரை எழுதினால், ரேமண்டையும் வாசலோடை திருப்பி அனுப்பிப்போடுவியள் எண்டு பயந்திட்டன், முசியே."