தலைக்கு ஐந்நூறு

தலைக்கு ஐந்நூறு ரூபாய்.

ஆண், பெண், கைக்குழந்தை, எல்லாம் ஒரே விலை. தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரின் பேசாலைக் கரையில் ஓர் உயிரைப் படகில் ஏற்றி ராமேஸ்வரத்துப் பக்கம் இறக்கிவிட அதுதான் ரேட். இலங்கைக் காசு. கடன் கிடையாது.

இன்று ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று ரூபாய் பத்துக் காசு, இலங்கைப் பணத்தில்.

சென்னையிலிருந்து கிளம்பிய சுற்றுலாக் கப்பலின் ஐந்தாம் மாடியில், பணம் மாற்றும் கவுண்டருக்கு மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தாள்.

காலையில் திருகோணமலை. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்த மண்ணில் இறங்கப் போகிறாள். கையில் அந்த ஊர்க் காசு வேண்டும்.

"மூணு பத்தா? மொத்தமா ஐயாயிரம் மாத்தினா வேற ரேட் இருக்குமே, தம்பி."

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

வளசரவாக்கத்தில் துணிக்கடை வைத்திருப்பவள். அதற்கு முன் மன்னாரில் அவள் அப்பாவின் கடை. முதல் விலையைச் சொல்லிவிட்டு அவளிடம் தப்பித்தவர் யாரும் இல்லை.

அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். சிரித்தார்.

"மூணு பன்னெண்டு போடறேன். அதுக்கு மேல கேட்டீங்கன்னா என் சம்பளத்துல பிடிச்சுருவாங்கம்மா."

பதினைந்தாயிரத்து ஐந்நூறு, பதினைந்தாயிரத்து அறுநூறு ஆயிற்று.

நூறு ரூபாய் லாபம்.

மகள் ஜெசிந்தா தோளால் இடித்தாள். "கப்பலைக்கூட விட்டுவைக்க மாட்டியாம்மா?"

நோட்டுகள் வந்தன. எண்ணினாள். எச்சில் தொட்டு மறுபடியும் எண்ணினாள்.

"நூறு குறையுது."

"நூறு ரூபா நோட்டு காலிம்மா. நம்ம காசுல பார்த்தா முப்பத்திரெண்டு ரூபா. இங்க தண்ணி பாட்டிலே நூத்தம்பது. விட்டுடுங்களேன்."

முப்பத்திரண்டு ரூபாய்.



ஒரு நூறு ரூபாயை முப்பத்தைந்து வருடமாகச் சுமக்கிறாள். அது எவ்வளவு என்று ஒருநாளும் மாற்றிப் பார்த்ததில்லை.

அன்று மூன்று தலை. அவள். மடியில் எட்டு மாத ஜெசிந்தா. சூசை அண்ணன்.

"மடியில கிடக்கிற பிள்ளைக்குமோ ஐநூறு? அது எந்த இடத்தைப் பிடிக்கப் போகுது? நானூறு தாறன்."

படகுக்காரன் அந்த அவசரத்திலும் கணக்குத் தெரிந்தவன்.

"பிள்ளைக்கு நானூறு, சரி. அப்ப உங்கட அண்ணன் நாளைக்கு வரட்டும். அவற்ற இடத்துக்கு அறுநூறு தர ஆள் நிக்குது."

அந்த நூறு ரூபாயை நீட்டியிருக்கலாம். இடுப்பில்தான் இருந்தது.

நீட்டவில்லை.

பேரம் படிந்த பிறகு விலையை ஏற்றிக் கொடுக்கிற வழக்கம் அவர்கள் கடையில் இல்லை.

அண்ணன் சிரித்துக்கொண்டேதான் மணலில் இறங்கி நின்றார். தங்கையின் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குப் பெருமை.

"நீ பிள்ளையோட போ. நாளைக்கு நானும் நானூறுக்கு வாறன், பார்."

மறுநாள் அவர் ஏறிய படகு புறப்பட்டதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வந்து சேர்ந்ததைப் பார்த்தவர் இல்லை.

"அம்மா." ஜெசிந்தா முழங்கையைத் தொட்டாள். "விடும்மா. பின்னால ஆள் நிக்குது."

அவள் நகரவில்லை.

கவுண்டரில் இருந்தவருக்குச் சங்கடமாகிவிட்டது. தன் சொந்தப் பர்சைத் திறந்தார். மூன்று பத்து ரூபாய்த் தாள். அதன் மேல் ஓர் இரண்டு ரூபாய் நாணயம். அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"இந்தாங்கம்மா. சரியாப் போச்சா?"

அவள் அந்தப் பணத்தைப் பார்த்தாள்.

தொடவில்லை.

ரசீதைத் திருப்பிப் போட்டாள். நூலில் கட்டியிருந்த பேனாவை இழுத்தாள். கடையில் எழுதுகிற அதே சின்ன எழுத்தில், வரிக்கு வரி நேராக எழுதினாள்.

கொண்டுபோனது: ஆயிரத்து ஐந்நூறு.

எனக்கும் பிள்ளைக்கும் படகுக் கூலி: தொள்ளாயிரம்.

அண்ணன் கையில் கொடுத்தது: ஐந்நூறு.

என் இடுப்பில்: நூறு.