கிண்ணத்தில் ஊறிய முடி

"பாம்புச் சட்டை, தலைமுடி, ஊர் மண்ணு. இது மூணையும் தண்ணியில ஊறப் போட்டா அதுக்குப் பேரு செய்வினை இல்லாம வேற என்னய்யா? அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுக்குக் கிளம்பிடணும். சாயந்திரம் கூட்டம் போட்டுச் சொல்லத்தான் போறேன்!"

கடைக்காரர் ஜெகநாதன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். தீவில் காடு வெட்டிக் குடியேறிய சௌல்தாரி ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

கிருஷ்ணமூர்த்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மண்ணுக்குள் வாழும் பூஞ்சைகளைத் தேடி மதராஸிலிருந்து வந்தவர். இப்போதுதான் ஊறப் போட்ட கிண்ணங்களில் உயிர் தெரிகிறது. இந்த நேரத்தில் கிளம்பினால் பட்ட பாடெல்லாம் வீண்.

"அப்படி என்னதான் சார் இருக்கு அதுல?" வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள் பக்கத்து வீட்டு செலின்.

கேட்க ஒரு ஆள் கிடைத்ததே! அவளைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். "முடி மேல குட்டிக் குட்டி உருண்டை தெரியுதா? கைட்ரிட்னு ஒரு பூஞ்சை. பாருங்க, திறக்கப் போகுது."

ஒரு உருண்டை வாய் திறந்தது. ஒற்றை வால் முளைத்த பொடிப் பொடி உயிர்கள் தண்ணீரில் துள்ளிப் பாய்ந்தன.

"மாதாவே! நீந்துது சார்! தலைப்பிரட்டை கணக்கா!"

"முடி, பாம்புச் சட்டை, வண்டு ஓடு, மகரந்தம்... லேசுல மக்காததை எல்லாம் தின்னு மண்ணுக்கே உரமாக்கிடும். இந்த மாதிரி ஜீவன்கள் இல்லேன்னா காடே குப்பைமேடுதான். ஆனா ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது!"

செலின் கண்ணை எடுக்கவே இல்லை. "அச்சா... முடியைக்கூட விடாதா?"

"விடாது. மெதுவாத் தின்னு தீர்த்துடும்."

"கவலைய விடுங்க சார். கூட்டத்துல நான் பேசுறேன்."

சாயந்திரம் அவர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜெகநாதனே வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. "எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க சார். மனசுல எதையும் வச்சுக்காதீங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கிருஷ்ணமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே நாளில் ஊருக்கே பூஞ்சையின் அருமையைப் புரிய வைத்துவிட்டாளே! வேலிப் பக்கம் ஓடினார்.

"அப்படி என்னம்மா சொன்னீங்க?"

செலின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க சொன்னதையேதான் சார். முடியைப் பிடிச்சா விடாது, மெதுவாத் தின்னு தீர்த்துடும்னேன். ஊறுறது ஜெகநாதன் அண்ணாச்சி முடின்னு மட்டும் நானாச் சேர்த்துக்கிட்டேன்."