முதல் சொட்டு

"இந்த ஆட்டத்துல எனக்கும் ஒரு இடம் கிடைக்குமாம்மா?"

இருபது வருடம் கழித்து நியூயார்க்கிலிருந்து டிரினிடாட் திரும்பியவள் ஏக்கத்துடன் கேட்டாள்.

"முழங்கால் ஒத்துழைக்கணுமே ஆன்ட்டி!" ஆட்டக்காரப் பெண் சிரித்தாள். "உஷ்! டெல்சி மிஸ் ரம் ஊத்தப் போறாங்க. ஒத்திகைக்கு முன்னால முதல் சொட்டு செத்தவங்களுக்குத்தான்."

குழுத் தலைவி டெல்சி தரையில் ரம்மை ஊற்றியபடி இறந்த ஆசான்களின் பெயர்களைச் சொன்னாள். கடைசியாக, "யூடோரா!"

வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யூடோரா செத்துட்டதா யாரு சொன்னா?"

"டெல்சி மிஸ்தான். இந்த ஆட்டமே யூடோரா அமைச்சது. சாகறப்போ அதோட உரிமையை மிஸ்ஸுக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாம்."

வந்தவள் விடுவிடுவென்று மேளக்காரர்களைத் தாண்டி டெல்சிக்கு முன்னால் போய் நின்றாள். டெல்சி சிலையானாள்.

"என் பங்கைத் தரையில ஏன் ஊத்தறே, டெல்சி? கையிலயே குடு!"