எதிர் வரிசை

“நெஞ்சு வலிக்குதுங்கறார்! வேர்த்துக் கொட்டுது! சீக்கிரம் ஆம்புலன்ஸ் அனுப்புங்க!”

ரிசீவரில் கத்தினாள் அவள். சோபாவில் சாய்ந்து கிடந்த கணவர், சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

மறுமுனையில் இருந்த பெண் விலாசத்தைக் கேட்டுக்கொண்டாள். “அது ஆத்துக்கு அந்தப் பக்கமாச்சே! இங்கிருந்து வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகுமேம்மா.”

“ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கே! அங்க சொல்லுங்களேன்!”

“உங்க ஏரியா கோட் இப்ப எங்களோடது. போன் இங்கதான் வரும். அவங்ககிட்ட கேட்டுப் பார்க்கறேன், லைன்ல இருங்க.”

லைனில் ஏதோ சங்கீதம் ஓட ஆரம்பித்தது.

எல்லாம் எதிர்வீட்டுக்காரரால் வந்த வினை! முன்பெல்லாம் இக்கரைக்கும் அக்கரைக்கும் போன் நம்பருக்கு முன்னால் வரும் ஏரியா கோட் ஒன்றேதான். நம்பர்கள் தீர்ந்துபோய், போன வருஷம் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லை வேறெங்கும் கிடைக்காததுபோல் இந்தத் தெருவின் நடுவில் வந்து விழுந்தது. எதிர் வரிசைக்குப் பழைய கோட். இவள் வரிசைக்கு அக்கரையின் புதுக் கோட். தெருவுக்காக டெலிபோன் ஆபீசில் பேசப் போனவர் யார் என்கிறீர்கள்? எதிர்வீட்டு மகானுபாவர்தான்!

“தன் வரிசையை மட்டும் பத்திரமா காப்பாத்திக்கிட்டு வந்துட்டார் பாரு!” என்று அன்றைக்கு நடுத்தெருவில் நின்று கத்தியவள்தான். அதற்கப்புறம் அவரோடு பேச்சுவார்த்தையே இல்லை.

“எதிர்வீட்ல… போய்… கேளேன்” என்றார் கணவர், திணறிக்கொண்டே.

“அந்த ஆள்கிட்டயா?”

சொன்ன மறுகணமே தன்மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷன் உயிரைவிட வீராப்பு பெரிதா? காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம். ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது!

வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்தார்கள். ஒருவர் கணவரின் மூக்கில் ஆக்சிஜனைப் பொருத்த, இன்னொருவர் நாடி பிடித்துப் பார்த்தார்.

“நல்லவேளை, நேரத்தோட வந்துட்டோம். பயப்படாதீங்கம்மா” என்றார் நாடி பார்த்தவர்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “முக்கால் மணி நேரம் ஆகும்னாங்களே…”

“அது அக்கரை வண்டி. நாங்க பக்கத்து ஆஸ்பத்திரி. நீங்க போட்ட சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு சார் போன் பண்ணினார்.”

“அவரா? எங்களுக்காகவா?”

“கோட் பிரிச்ச அன்னைக்கே எங்க ஆஸ்பத்திரிக்கு நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாரும்மா. ‘தெரு முழுசுக்கும்தான் பழைய கோட் கேட்டேன், பாதிதான் கொடுத்தாங்க. அதனால என் நம்பர்ல இருந்து போன் வந்தா, முதல்ல எதிர் வரிசையைப் பாருங்க’ன்னு!”