மூக்குக்கு நேரே ஓர் இலை

“மோந்து சொல்லும்மா.” மாமியார், வாசனை எண்ணெய்க்காக வளர்க்கும் ஜெரேனியம் செடியின் இலையைக் கசக்கி மருமகளின் மூக்கருகே நீட்டினார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே தொல்லை. பால்காரர்கூடத் தப்புவதில்லை.

“நல்லாத்தான் இருக்கு அத்தை.”

“நேத்தைவிடக் காட்டமா?”

“கொஞ்சம்.”

உடனே மாமியார் ஓடிப்போய்ச் செடிகளுக்கு மேலே நிழல்வலையை இறக்கிக் கட்டினார். அனல்காற்றில் அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் கருகிக் கிடக்க, இவருடைய செடிகள் மட்டும் பச்சையாக நின்றன.

இலை வாங்க வந்த வாசனை எண்ணெய் வியாபாரி அசந்துபோனார். “செடி வெயில்ல வாடுறதை இலை வாசத்துலயே கண்டுபிடிக்கிறீங்களே! உங்க மூக்கை நம்பித்தான் வாங்கறேன்.”

மாமியார் சிரித்தபடி அவருக்கு டீ போட உள்ளே போனார்.

சற்று நேரத்தில் பால் தீய்ந்த நாற்றம் கூடமெல்லாம் பரவியது. மருமகள் சமையலறைக்கு ஓடினாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்று, நிதானமாக டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார் மாமியார்.

“அத்தை... உங்களுக்கு வாசனையே தெரியலையா?”

“போன வருஷம் வந்த காய்ச்சலோட போச்சும்மா.”

ஊரார் மூக்கையெல்லாம் கடன் வாங்கியா இந்தத் தோட்டத்தைக் காப்பாற்றினார்!

“என்னம்மா தீயுது?” கூடத்திலிருந்து வியாபாரி.

“நான்தான் பாலை வெச்சிட்டு மறந்துட்டேன்!” குரல் கொடுத்துவிட்டு மருமகள் அடுப்பை அணைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே ஜன்னலோரச் செடியில் ஓர் இலையைக் கிள்ளி மோந்தாள்.

“இன்னும் காட்டம் ஏறியிருக்கு அத்தை. வாங்க, வலையை இன்னும் இறக்கலாம்.”