போர்வைக்குப் பின்னால் ஒரு பல்லி

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்வதற்காக யமுனா தன் சின்ன அறையைத் தயார் செய்தாள். எதிரொலி வரக்கூடாதென்று நாலு சுவரிலும் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றிவிட்டாள். மத்தியான வெளிச்சம் போர்வைகளில் ஊறி, அறை மேகத்தின் வயிறு மாதிரி ஆனது. அந்த வயிற்றுக்குள் ஒரு பல்லி மாட்டிக்கொண்டது.

"இனிமே இங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது," என்றது புதிதாக வந்த மைக்.

"நான் வெட்டிப் பேச்சு பேசறதில்லப்பா," என்றது பல்லி. "யாராவது உண்மையச் சொன்னா ஆமான்னு சொல்லுவேன். இந்த வீட்டுல அதான் என் வேலை."

"அந்த வேலைய வெளிய போய்ப் பாரு."

வெளியே போக வழியில்லை. பல்லி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

யமுனா பாடினாள். பல்லிக்குப் போர்வை, சுவர், தன் வால் எல்லாமே மிதப்பது போலிருந்தது. ஆனால் அவள் அந்தப் பதிவை அழித்தாள். மறுபடி பாடினாள், மறுபடி அழித்தாள். பதினேழாவது தடவை பாடி முடித்தவள், பதிவை நிறுத்த மறந்து போர்வையில் தலையைச் சாய்த்தாள்.

"எனக்குப் பாட வருது, இல்ல?"

மைக்குக்குப் பாட்டைப் பிடித்துவைக்கத்தான் தெரியும், நன்றாக இருக்கிறதா என்று சொல்லத் தெரியாது.

பல்லியால் அடக்க முடியவில்லை. ச்சு, ச்சு, ச்சு என்றது.

"போச்சு. இதையும் அழிக்க வேண்டியதுதான்," என்று மைக் முனகியது.

யமுனா விரலை மடக்கித் தரையில் மூன்று தடவை தட்டினாள். அதுவும் பதிவானது.

அன்றைக்கு அவள் அழிக்காமல் வைத்துக்கொண்டது அந்த ஒரு பதிவைத்தான்.