‘தே’ விழும் இடம்

“பல்லைக் காட்டாதே” என்று அக்கா மறுபடியும் பாடிவிட்டாள்.

பாடும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த விளம்பரக் கம்பெனிக்காரர் பொறுமையாகக் கண்ணை மூடித் திறந்தார். பற்பசை விளம்பரத்துக்கு அவருக்கு வேண்டியது “பல்லைக் காட்டு”.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தான். அவர்களுடைய ராக் குழுவில் அக்கா பாட்டு, அவன் டிரம்ஸ்.

கிட்டார் வாசிக்கும் சோடாபுட்டி போன் செய்து வரவழைத்திருந்தான். உங்க அக்காவுக்கு வாய் பழைய வரிக்கே ஓடுது, நீ வந்து ஏதாவது பண்ணு என்று.

அவளுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் தம்பிக்கு முதலில் தோன்றியது.

அந்தப் பாட்டு பிறந்தது அக்கா துணிக்கடையில் வேலை பார்த்த காலத்தில். முதலாளி என்ன திட்டினாலும் இளித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஒரு நாள் வேலையை உதறிவிட்டு வந்தாள். சமையலறையில் அவன் பாத்திரத்தைத் தட்ட, அவள் தொண்டை கிழியக் கத்தினாள்: எவன்கிட்டயும் பல்லைக் காட்டாதே.

பிறகு போன மேடையெல்லாம் அதே பாட்டு. அந்த ‘தே’ வரும்போது கூட்டம் கூரையைப் பிய்த்துவிடும்.

அதைப் போய்ப் பற்பசைக்குக் கொடுத்துவிட்டாள். கேட்டால், நாமே பாடி நாமே எத்தனை காலம்டா கேட்டுக்கிட்டிருக்கிறது என்கிறாள்.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. உப்பு வேண்டுமென்றால் அவன் அம்மாவிடம் கேட்பான், அம்மா அக்காவிடம் கேட்பாள், உப்பும் அதே வழியில் சுற்றிக்கொண்டு வந்து சேரும்.

கம்ப்யூட்டர் தாளம் மறுபடி ஓடியது. சோற்றில் கல் கடித்தவன்போல் தம்பி முகத்தைச் சுளித்தான். அக்கா பாடினாள். “காட்டு” முடிந்ததும் பாட்டில் ஒரு பள்ளம். அவள் நாக்கு அதில் தடுக்கி விழுந்தது. மறுபடி ‘தே’.

தாளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். டிரம்ஸ் உறை கழற்றித் தயாராகவே இருந்தது. உட்கார்ந்து, சிம்பல் தட்டைப் பார்த்துச் சொன்னான்.

“‘தே’ வர்ற இடத்தை எனக்கு விட்டுடு. நீ அதுக்கு முன்னாடியே நிறுத்திக்க.”

இத்தனை நாளில் அம்மா வழியாகப் போகாத முதல் வார்த்தை அது.

அக்கா “காட்டு” என்று நிறுத்தினாள். அவன் கையை ஓங்கி ஒரே அடி அடித்தான்.

அவர்களை மேடையில் கேட்டவர்கள் யாராக இருந்தாலும் அந்த அடியில் ‘தே’ தான் கேட்கும். பற்பசை வாங்குகிறவர்களுக்கு வெறும் டிரம்ஸ்.

விளம்பரக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பல் பளிச்சென்று மின்னுகிற மாதிரி இருக்கிறது என்றார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் குனிந்துகொண்டார்கள்.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். தம்பி மட்டும் ஒருமுறை போட்டுக் கேட்கலாம் என்று ஒலிப்பதிவாளரிடம் வந்தான்.

அவர் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டார். “அப்ப காலையில எடுத்ததை அழிச்சிடவா? கம்பெனிக்காரர் வர்றதுக்கு முன்னாடி, முதல் தடவையிலயே உங்க அக்கா ‘காட்டு’ன்னு சுத்தமாப் பாடிட்டாங்க. யாருக்கும் போட வேண்டாம்னு சொல்லிட்டு, உங்களுக்குப் போன் போடச் சொன்னாங்க.”

தம்பி கதவு வழியாகப் பார்த்தான். அக்கா நடையில் நின்று டீயை ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இன்னொரு டம்ளர், ஆறாமலிருக்க மூடி போட்டு.

அழிச்சிடுங்க, எனக்கு இது தெரியாதுன்னே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போனான்.